ரெஜினா அக்காவின் வெள்ளை சாக்ஸ்

ரெஜினா அக்காவின் வீட்டுக்காரர் அருளானந்தம் அண்ணனிடமிருந்து போன் வந்தபோது நான் ஸ்ரீமுஷ்ணத்தில், என் நாத்தனார் மகளின் காதணி விழாவில், பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு விழுந்திருந்தது. மேளச் சத்தத்தில் அவர் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. எழுந்து மண்டபத்துக்கு வெளியே வந்து, “என்னாண்ணே, சொல்லுங்க” என்றேன்.

“உங்கக்கா போயிட்டாம்மா.”

என் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான். “காலா?”

“காலு நல்லாத்தாம்மா இருக்குது. இப்பதான் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரு கீறல் கிடையாது. நெஞ்சுன்றாங்க.”

விருத்தாசலம் வந்து சேர்ந்தபோது அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அக்காவுக்குப் பட்டுப்புடவை உடுத்தி முடித்திருந்தார்கள். சவப்பெட்டிக் கடையில் பெட்டியோடு சேர்த்தே கையுறையும் சாக்ஸும் கொடுத்து விடுவார்கள். மெல்லிய வெள்ளை நைலான். அண்ணன் அந்த சாக்ஸை எடுத்து உள்புறம் வெளியே வரும்படி திருப்பினார். விரல் பக்கத்துத் தையலை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார். “இது வேணாம்மா. தையலு தூக்கிகிட்டு இருக்குது” என்று ஒதுக்கி வைத்தார். பீரோவிலிருந்து அக்காவின் பழைய ஜோடி ஒன்றை எடுத்துவந்து, எங்கும் மடிப்பு விழாமல் இழுத்து இழுத்து மாட்டிவிட்டார்.

அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் சிலர் அந்தத் தடித்த பழைய சாக்ஸைப் பார்த்து, ஏன் இப்படி என்று என்னிடம் கேட்டீர்கள். மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

செராமிக் காலனிப் பக்கம் மின்கம்பங்களுக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் யூனிட்டில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் அலுவலகத்தில் பில் போடுபவள். அக்கா, சூளையிலிருந்து வரும் சரக்கைத் தட்டிப் பார்த்து விரிசல் விட்டதைத் தனியே எடுத்து வைக்கும் பிரிவில் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் சிரித்தால் என் மேசை வரைக்கும் கேட்கும். அவ்வளவுதான் பழக்கம், சுனாமி வந்ததற்கு அடுத்த கோடை வரை.

அந்தக் கோடையில் ஒரு நாள் நான் ஏதோ காகிதத்தோடு உள்ளே போனபோது, சிமெண்ட் தரையில் சிவப்பாகப் பிறை வடிவில் ஒரு தடம் கிடந்தது. யாரோ சாயத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. தடம் போன வழியே நானும் போனேன். அது தண்ணீர்க் குடம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி, அக்காவின் மேசையில் முடிந்தது. அவர் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கால்ல ரத்தம்.”

“யாரு கால்ல?” என்றார்.

குனிந்து பார்த்தால், அவருடைய குதிகாலில் ஒரு பீங்கான் சில்லு ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. எங்கள் முற்றத்தில் எத்தனை முறை கூட்டினாலும் அந்தச் சில்லுகள் கிடக்கும். நாங்கள் எல்லோரும் மிதித்து “ஆ” என்று கத்தியிருக்கிறோம். அக்கா கத்தவே இல்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

பல வருடமாகச் சர்க்கரை இருந்ததாம். மாத்திரையைப் பாதி நாள் போடுவார், பாதி நாள் மறந்துவிடுவார். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காலுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் நான் கூடப் போனேன். டாக்டர் ஒரு மெல்லிய நரம்பு போன்ற கம்பியால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, “தெரியுதாம்மா? இங்க?” என்று கேட்டார். அக்கா ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தார். தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்களா என்று என் முகத்தில் தேடினார்.

“வலின்றது ஒரு வாட்ச்மேன் மாதிரிம்மா. உங்க கால்ல அவன் தூங்கிட்டான். எழுப்ப முடியாது. இனிமே கண்ணால பாத்துதான் தெரிஞ்சிக்கணும்” என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் அக்காவின் வயதொத்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். புடவை ஒரு பக்கம் முழங்காலோடு சரிந்து தட்டையாகக் கிடந்தது. அக்கா என்னைத் தாண்டி அவரிடம் கேட்டே விட்டார்.

“என்னா ஆச்சுங்க?”

“செருப்புக்குள்ள ஒரு சின்னக் கல்லுங்க. பொழுதன்னிக்கும் மிதிச்சிகிட்டே இருந்திருக்கேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா பண்ருட்டி வரைக்கும் தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “வசந்தா, எனக்குப் பயமா இருக்குது” என்றார். அப்படி நேராகச் சொல்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பயம் வந்தால் பெண்கள் அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்கள்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு அவரை உட்காரச் சொன்னார்கள். வெளியே போகாதே, நடக்காதே. டாக்டர் மட்டும் நடக்கச் சொல்லியிருந்தார், நல்ல ஷூவும் நல்ல சாக்ஸும் போட்டுக்கொண்டு. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். “நடக்கச் சொன்னாரு. எங்கன்னு சொல்லல இல்ல?” என்றார். கல்வராயன் மலையில் ஓர் அருவி இருப்பதாக எங்கேயோ படம் பார்த்திருந்தார். பஸ் போகும் இடத்திலிருந்து காட்டுப் பாதையில் இறங்கி நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

“உங்களுக்கு எதுக்குக்கா மலை?”

“காலு இருக்கறப்பவே ஏறிடணும்டி. போனப்புறம் டிவியிலயா பாக்குறது?”

ஆசையில் சொல்லவில்லை. பயத்தில்தான் சொன்னார். அது எனக்குப் புரிந்ததால்தான் கூட வரச் சம்மதித்தேன்.

சாக்ஸ் தேடும் படலம் அப்படித் தொடங்கியது. கடைவீதியில் இருந்ததெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாக்ஸ், கறுப்பு நைலான், காக்கி. அக்கா ஒரு கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஜோடியாகத் திருப்பி, தையலைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏம்மா, காலுக்குத்தான சாக்ஸு? கன்னத்துக்கா?”

“காலுக்குச் சொரணை இல்லண்ணே. கன்னத்துக்கு இருக்குது.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அதன் பிறகு உள்ளேயிருந்து புதுக்கட்டுகளை அவிழ்த்துப் போட்டார். ஆனால் எதுவும் தேறவில்லை. மேல்பட்டை இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும். லூசாக இருந்தால் ஷூவுக்குள் சுருண்டு மடிப்பு விழும். அந்த மடிப்பே தோலை அரைத்துப் புண்ணாக்கும். தனிப் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். ஊறிய தோல் எளிதில் உரியும். இதையெல்லாம் கால் பிரிவில் இருந்த நர்ஸ் சொல்லியிருந்தார். கடைசியில் புதுச்சேரியில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் கம்பளி கலந்த, அடிப்பாகம் மெத்தென்று தடித்த, விரல் பக்கம் தையல் தட்டுப்படாத ஜோடிகள் கிடைத்தன. சாம்பல் நிறத்தில் நிறைய இருந்தன. அக்கா வெள்ளைதான் வேண்டும் என்று நின்றார்.

“மலையில மண்ணு ஒட்டி அழுக்காயிடுங்க” என்றார் கடைப்பையன்.

“ஆவட்டும். ரத்தம் வந்தா தெரியணும்” என்றார் அக்கா.

புது சாக்ஸையும் ஷூவையும் வீட்டுக்குள்ளேயே பல நாள் போட்டு நடந்து பழகினார். முதலில் கொஞ்ச நேரம், பிறகு அடுப்பு வேலை முடியும் வரை. தினமும் மாலையில் யூனிட் மூடும் முன் என் அறைக்கு வந்து நாற்காலியில் காலைத் தூக்கி வைப்பார். தன் பாதத்தின் அடியைத் தானே பார்க்க அவருக்கு முடியாது, உடம்பு கனம். “பாத்துச் சொல்லுடி” என்பார். நான் பார்ப்பேன். சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, விரல் இடுக்கில் ஈரமா என்று கை வைத்துப் பார்ப்பேன். ஒன்றுமில்லை என்று சொல்லும் வரை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். நானும்தான்.

பொங்கல் கழிந்து நாங்கள் மூன்று பேரும் போனோம். அக்கா, அருளானந்தம் அண்ணன், நான். அண்ணன் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை செய்தவர், அதிகம் பேசமாட்டார். மலைப்பாதை சரளைக்கல்லும் வேருமாக இறங்கியது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை அக்கா பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார். நான் சாக்ஸைக் கழற்றி உள்ளும் புறமும் பார்ப்பேன், பாதத்தைப் பார்ப்பேன், மறுபடி மாட்டிவிடுவேன். வழியில் ஓர் ஓடை வந்தது. சாக்ஸ் நனையக் கூடாது. வெறுங்காலோடு இறங்கவும் கூடாது. அண்ணன் குனிந்து முதுகைக் காட்டினார். அவர் முதுகில் தொற்றிக்கொண்டு, “கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மனுசன் என்னத் தூக்கலடி” என்று அக்கா கத்திய கத்தலில் மரத்திலிருந்த பறவைகள் கிளம்பின. வழுக்குப் பாறையில் அண்ணனின் கால் ஒரு தடவை சறுக்கியது. அந்தக் கணத்தில் அவர் முகத்தை நான் பார்த்தேன். அவர் பேசாதவர், பயப்படாதவர் அல்ல.

அருவியைப் பார்த்தோம். அக்கா சாரல் படும் தூரத்தில் நின்று இரண்டு கையையும் விரித்தார். நிறைய நேரம் அப்படியே நின்றார். சந்தோஷமாக இருந்தோம் என்று எழுத ஆசைதான். ஆனால் சந்தோஷம், அவர் பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிய வரைக்கும்தான்.

இடது சாக்ஸின் அடியில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு பொட்டு அளவுக்குச் சிவப்பு.

அந்த மலை மண்ணே செம்மண். மண்ணாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விரலால் சுரண்டினேன். போகவில்லை. ஈரமாக இருந்தது. ஷூவுக்குள் கை விட்டபோது என் விரலில் குத்தியது. அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் நின்றிருந்தது. அதன் நுனி ஒடிந்திருந்தது. ஒடிந்த நுனி ஷூவில் இல்லை, சாக்ஸிலும் இல்லை.

“என்னாடி? ஏன் பேச மாட்டேன்ற?”

“முள்ளுக்கா. நுனி உள்ள இருக்குது போல.”

அவர் ஷூவை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குப் பயமா இருக்குது. உனக்கும் இருக்குது. சரி, இருக்கட்டும். மொதல்ல காய வெச்ச தண்ணி பாட்டில எடு” என்றார். கழுவினோம். சுத்தத் துணி வைத்துக் கட்டினோம். பையிலிருந்த மாற்று சாக்ஸை மேலே மாட்டினோம். அந்தக் காலை ஊன்றினால் முள் இன்னும் உள்ளே போகும். அண்ணன் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்றார். அந்த ஏற்றத்தில் அது நடக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆள் கூட்டிவர அவர் மேலே ஓடினார்.

நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். பகல்தான். ஆனால் மேகம் இறங்கி எதிர்ப்பக்க மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அருவிச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் கூப்பிட்டாலும் கேட்காது. அக்கா ஜெபமாலையை எடுத்தார். கொஞ்சம் சொல்லிவிட்டு நிறுத்தி, “நீயும் உன் சாமியக் கூப்புடுடி. எந்தப் பக்கத்துலயிருந்து ஆளு வருதோ வரட்டும்” என்றார். அவர் மாதாவையும் நான் கொளஞ்சியப்பரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். நடுவில் அவர் ஒன்று கேட்டார். “அந்த அம்மாவோட காலு எங்க போயிருக்கும்? பொதச்சிருப்பாங்களா?” அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மலையூர்க்காரர்கள் இரண்டு பேர் மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். “பிரசவத்துக்குத் தூக்குற தூளிதாங்க, பயப்படாதீங்க” என்றார் ஒருவர். அக்காவை அதில் கிடத்தித் தூக்கினார்கள். நான் பின்னால் அவருடைய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினேன். மேலே ஜீப் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் முதல் உதவி, மறுநாள் புதுச்சேரி.

முள் நுனியை எடுத்தார்கள். இருந்தும் சீழ் வைத்தது, காய்ச்சல் வந்தது. அடுத்த பல வாரங்கள் எங்கள் யாருக்கும் வேறு நினைப்பில்லை. ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் அண்ணன் வெளியே போய்விடுவார், நான் உள்ளே நின்று பார்ப்பேன். அழுகிய கறுப்பு நிறம் சுண்டுவிரலைத் தாண்டி மேலே ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறவில்லை. ஒரு விரலை எடுத்ததோடு விட்டது. “சீக்கிரம் பாத்துட்டீங்க. ரெண்டு நாளு தெரியாம மிதிச்சிருந்தா முழங்காலு வரைக்கும் பேசிகிட்டு இருந்திருப்போம்” என்றார் டாக்டர்.

காயம் ஆறிய பிறகு அக்கா என்னை அழைத்துக்கொண்டு அதே சாமான் கடைக்குப் போனார். விரல் இல்லாத இடத்தில் சாக்ஸ் சுருண்டு மடிகிறது. வேறு அளவு பார்க்க வேண்டும்.

“ஒம்போது வெரலுக்கு சாக்ஸு இருக்குதாப்பா?” என்று அவர் கேட்டதும் கடையே திரும்பிப் பார்த்தது. நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததால் வெளியே போய் நின்றேன்.

மறுபடியும் மலையா என்று கேட்டால், ஆமாம். அடுத்த தை மாதமே செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். பாதிப் படியில் போதும் என்று உட்கார்ந்தார். அதற்கு அடுத்த வருடம் கல்வராயன், ஆனால் அருவிக்கு அல்ல. சமதளமாகப் போகும் பாதையில் மட்டும். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் சரியாகச் சாப்பிடமாட்டார். “பயம் போவாதுடி. அதையும் கூட்டிகிட்டுத்தான் போவணும். விட்டுட்டுப் போனா நான் கீழ பாக்க மாட்டேன்” என்பார்.

இறப்பதற்கு முந்தின நாள் மாலை அவர் வழக்கம்போல என் அறைக்கு வந்தார். “ஏதோ அசதியா இருக்குதுடி. வேர்த்து வேர்த்து வழியுது” என்றார். நல்ல வெயில் நாள்தான். சூளைப் பக்கம் நின்றவர்கள் எல்லோருக்கும் வியர்த்திருந்தது. காலைத் தூக்கி வைத்தார். நான் பார்த்தேன். இரண்டு பாதமும் சுத்தமாக, வெதுவெதுப்பாக இருந்தன. “ஒண்ணுமில்லக்கா” என்றேன். அவர் மூச்சை விட்டார். “அப்பாடா. போயிட்டு வரேன்” என்று கிளம்பினார். மறுநாள் அண்ணன் மதியம் வீடு திரும்பியபோது கட்டிலில் படுத்தபடியே போயிருந்தார்.

பின்னால் நான் அந்தக் கால் டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை அக்கா சொல்லவில்லையே என்றேன். இப்படிப்பட்டவர்களுக்கு நெஞ்சின் நரம்பும் மரத்துப்போகும், வலியே இல்லாமல் மாரடைப்பு வரும், வெறும் அசதியாகத்தான் தெரியும் என்றார். “உங்களுக்கு மட்டுமில்ல, அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அச்சமாக இருந்தது. காவல் காத்த இடம் ஒன்று, அது வந்த இடம் வேறு.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் எனக்கே தலை சுற்றல் வந்தது. என் வீட்டுக்காரர் பைக்கில் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் சோதிக்க வைத்தார். சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார்கள். ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்றார்கள். வழக்கமாக நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு, வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன்.

ரெஜினா அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது பொருள் எதுவும் இல்லை. பயத்தை முகத்துக்கு நேராக, இன்னொருவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடும் அந்தத் தைரியம்தான். அது எனக்குள் எப்போது வந்து சேர்ந்தது என்று தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில், என் வீட்டுக்காரர் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“எனக்குப் பயமா இருக்குதுங்க.”

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டார். கம்மாபுரத்தில் எங்கள் நிலம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு எழுந்து வெகுகாலமாகிறது. அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

என் பக்கத்தில் வந்து மரத்தடித் திட்டில் உட்கார்ந்தார். “எனக்குந்தான் இருக்குது வசந்தா” என்றார். “ரொம்ப நாளா இருக்குது.”